சரமும் பட்டியலும்: கோலார் தங்கவயலை இரண்டு மென்பொருள்களில் வைத்துப் பார்த்தால்

சுரங்க மென்பொருள் வாங்க நினைப்பவர் முன்னால் முதலில் வந்து விழுவது ஓர் ஒப்பீட்டு அட்டவணை. துளைத் தரவு, வயர்ஃபிரேம், பிளாக் மாடல், கிரிகிங், குழி வடிவமைப்பு, நிலத்தடிப் பாதை வடிவமைப்பு என்று இடப்பக்கம் வரிசை நீளும். சர்பேக் பத்தியில் எல்லாவற்றுக்கும் டிக். டேட்டாமைன் பத்தியிலும் எல்லாவற்றுக்கும் டிக். பத்துப் பொருத்தமும் கூடிய இரண்டு ஜாதகங்களைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் பெண் வீட்டாரின் நிலைமைதான் வாங்குபவருக்கு. அட்டவணை பொய் சொல்லவில்லை. இரண்டும் எல்லாவற்றையும் செய்யத்தான் செய்கின்றன. ஆனால் எதை எளிதாகச் செய்கின்றன, எதை முணுமுணுத்துக்கொண்டே செய்கின்றன என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

ஆகவே அதை மடித்து வைத்துவிட்டு, ஒரே சுரங்கத்தை இரண்டிலும் மனத்தளவில் ஏற்றிப் பார்ப்போம். கோலார் தங்கவயலையே எடுத்துக்கொள்கிறேன். தென் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் உட்கார்ந்துகொண்டு கோலார் எதற்கு என்று கேட்கலாம். 1880 முதல் 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொள்ளும் வரை அந்தச் சுரங்கங்களின் கடிவாளம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் கையில் இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உடைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று திசை மாறிவிட்டது. க்ராய்டன் பக்கம் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளை லண்டன் ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்காக மேற்கு ஆப்பிரிக்கத் தங்கத்தைத் திரையில் எடைபோடுவது வியப்புக்குரிய செய்தியில்லை.

கோலாரைத் தேர்ந்ததற்கு உறவு மட்டும் காரணம் இல்லை. அங்கே ஒரே ஊரில் இரண்டு தேர்வுத்தாள்கள் இருக்கின்றன. ஒன்று நிலத்தடியில்: சில அடி அகலமே உள்ள சாம்பியன் படிகக்கல் இழை. மற்றொன்று நிலத்தின் மேல்: ஆலைக் கழிவைப் பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி எழுந்த 13 சயனைடு மேடுகள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பிறகு மறுபடி தோண்டலாமா என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் இந்த மேடுகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

சோதனைக்கு முன் இரண்டின் பிறவிக்குணத்தைப் பார்த்துவிட வேண்டும். சர்பேக் ஆஸ்திரேலியாவில் நில அளவையாளர்களின் மேசையில் வளர்ந்தது. அதற்கு உலகம் சரங்களால் ஆனது. குழியின் விளிம்பு ஒரு சரம், அடிவாரம் ஒரு சரம், சுரங்கப் பாதையின் சுவர் ஒரு சரம், தாதுவின் எல்லை ஒரு சரம். டேட்டாமைன் 1981இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 1970களில் பிரிட்டனின் அரசு நிலவியல் ஆய்வகத்தில் உருவான ஜி-எக்ஸெக் என்ற தரவுத்தள அமைப்பின் வழிவந்த கருவி அது. அதற்கு உலகம் பட்டியல்களால் ஆனது. துளை ஒரு பட்டியல், முக்கோணங்கள் ஒரு பட்டியல், பிளாக் மாடலும் ஒரு பட்டியல். சர்பேக் சுரங்கத்தைக் கோடு கோடாகப் பார்க்கிறது, டேட்டாமைன் வரி வரியாகப் படிக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கோப்புக்குள்ளேயே பார்க்கலாம். சர்பேக்கின் சரக் கோப்பை நோட்பேடில் திறந்தால் எண்களின் வரிசை தெரியும்: முதலில் சரத்தின் எண், அடுத்து வடக்கு, அதற்கடுத்துக் கிழக்கு, பிறகு உயரம், அதன் பின் நாம் விரும்பிய குறிப்புகள். எல்லாம் பூஜ்யமாக ஒரு வரி வந்தால் ஒரு துண்டு முடிந்தது என்று பொருள். கோடு எந்தப் பக்கம் சுற்றி வருகிறது என்பதுகூட அங்கே செய்தி. கடிகாரச் சுற்றில் போனால் உள்ளிருப்பது சேர்த்தி, எதிர்ச்சுற்றில் போனால் உள்ளிருப்பது கழிவு. வெட்டியெடுத்த அறையை வலஞ்சுழியாகவும், அதன் நடுவே விட்டுவைத்த தூணை இடஞ்சுழியாகவும் வரைந்துவிட்டால் கழித்தல் கணக்கைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டேட்டாமைனில் எக்ஸ், ஒய், இசட் என்று கிழக்குதான் முதலில். புலங்களின் பெயருக்கு நெடுங்காலம் 8 எழுத்துதான் அனுமதி. பழைய கைகள் இன்றும் பெயர்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதுவது அந்தப் பழக்கத்தால்தான். எதற்கும் திசை கிடையாது, சுற்று கிடையாது. எதைச் சேர்க்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு புலத்தில் எண்ணாக எழுதினால்தான் அது கேட்கும்.

அளவையாளர் வடக்கை முதலில் எழுதுவார், கணிதம் படித்தவர் கிழக்கை முதலில் எழுதுவார். இருவருமே சரி. ஆனால் ஒருவர் கோப்பை மற்றவர் கவனிக்காமல் ஏற்றினால் சுரங்கமே மூலைவிட்டத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடும். வடக்கு தெற்காக ஓடும் கோலார் இழை கிழக்கு மேற்காகப் படுத்துக்கிடக்கும். நல்லவேளையாக அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். வட்ட வடிவக் குழியாக இருந்தால் படாது.

துளைத் தரவிலும் இதே பிறவிக்குணம் பேசுகிறது. சர்பேக் துளைகளைத் தரவுத்தளத்திலேயே விட்டுவைக்கிறது. துளைவாய் அட்டவணை, திசையளவு அட்டவணை இரண்டும் கட்டாயம், பகுப்பாய்வும் பாறைவகையும் நம் விருப்பம். திரையில் துளை வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்துக்குப் போய் வளைவைக் கணக்கிட்டு வரைகிறது. ஆய்வகம் ஒரு முடிவைத் திருத்தினால் அடுத்த நிமிடம் படமும் திருந்திவிடும்.

டேட்டாமைனின் பாரம்பரிய வழி வேறு. ஹோல்ஸ்3டி என்ற கட்டளை எல்லா அட்டவணைகளையும் ஒருமுறை வாங்கி, வளைவைக் கணக்கிட்டு, இடைவெளிகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே கோப்பாக எழுதிவிடும். அதன்பின் தரவுத்தளத்தில் என்ன மாறினாலும் அந்தக் கோப்புக்குத் தெரியாது. முதலில் இது குறையாகத் தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித்தான் பட்டது. கணக்கைச் சரிபார்க்க வெளியார் ஒருவர் வரும்போதுதான் இதன் அருமை தெரிகிறது. எந்தத் தரவை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று அவர் கேட்டால், தேதி போட்ட கோப்பு ஒன்றை எடுத்து நீட்டலாம். சர்பேக்கில் அதற்காகத் தரவுத்தளத்தையே தனியாக நகலெடுத்து வைக்கும் ஒழுக்கம் வேண்டும். பலருக்கு அது இருப்பதில்லை.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் எதிர்பாராத ஓர் இடத்தில் உடன்பிறந்தவை போல நடந்துகொள்கின்றன. வயர்ஃபிரேம் என்னும் முக்கோண வலையை இரண்டுமே இரண்டு கோப்பாகத்தான் எழுதுகின்றன. சர்பேக்கில் புள்ளிகள் சரக் கோப்பில், அவற்றை இணைக்கும் முக்கோணங்கள் டி.டி.எம். கோப்பில். டேட்டாமைனில் புள்ளிகளுக்கு ஒரு பட்டியல், முக்கோணங்களுக்கு இன்னொரு பட்டியல். ஒன்று இல்லாமல் மற்றொன்று வெறும் எண்குவியல். இரண்டு முகாமிலும் புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரம் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒரு கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் படுத்துவிடுவார். சர்பேக்கில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. டி.டி.எம். கோப்பின் முதல் வரியிலேயே தன் சரக் கோப்பின் பெயர் எழுதியிருக்கும். வெளியே போய்ப் பெயரை மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும்.

இனி நிலத்தடிக்கு இறங்குவோம். கோலாரின் இழை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்கே சாய்ந்து, ஆழம் போகப் போக நிமிர்கிறது. அகலம் சொற்பம். கணக்குக்காக 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் காட்டும் பிளாக் மாடலின் அடிப்படைப் பெட்டி 5 மீட்டர். இழை ஒரு பெட்டிக்குள் எங்கோ ஒரு கீற்று. அந்தக் கீற்றை எப்படிப் பிடிப்பது?

சர்பேக்கின் வழக்கமான முறை பாதி பாதியாக நறுக்குவது. 5 மீட்டர் 2.5 ஆகும், 2.5 மீட்டர் 1.25 ஆகும். நாம் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும். கடைசித் துண்டின் மையப்புள்ளி இழைக்குள் விழுந்தால் முழுத் துண்டும் தாது, விழாவிட்டால் முழுத் துண்டும் வெறும் பாறை. 2.5 மீட்டரில் நிறுத்தினால், 1.2 மீட்டர் இழை ஏறக்குறைய பாதி இடங்களில்தான் ஒரு மையப்புள்ளியைத் தொடும். தொட்ட இடத்தில் அகலம் 2.5 மீட்டர், தொடாத இடத்தில் சுழியம். 1.25 மீட்டருக்கு இறங்கினால் நூற்றில் 96 இடங்களில் தொடும். தொட்ட இடத்தில் 1.25, மீதி 4 இடத்தில் இழையே இல்லை.

இதைக் கேட்டதும் சர்பேக்கை ஒதுக்கிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 2.5ஐ 48 விழுக்காட்டால் பெருக்கினால் 1.2. 1.25ஐ 96 விழுக்காட்டால் பெருக்கினாலும் 1.2. மொத்தக் கனஅளவு இரண்டிலும் சரியாகவே வருகிறது, ஓரிடத்து அகலம்தான் தப்பு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: இழை பெட்டிகளின் வரிசைக்குச் சற்றுக் குறுக்காக ஓட வேண்டும். அப்போதுதான் இங்கே கூடியது அங்கே குறைந்து சமனாகும். பெட்டி வரிசைக்கு இணையாகவே இழை ஓடினால் ஒரே தப்பு நூற்றுக்கணக்கான மீட்டருக்குத் தொடர்ந்து போகும். கோலார் இழை ஓடுவது வடக்கு தெற்காக. நாம் பெட்டிகளை அடுக்குவதும் இயல்பாகவே வடக்கு தெற்காக. அதாவது இந்த முறைக்கு வரக்கூடிய மோசமான தேர்வுத்தாளையே கோலார் கையில் கொடுக்கிறது. ஆழத்தில் இழை நிமிர நிமிரச் சிக்கல் கூடும், ஏனென்றால் சாய்வு தந்த குறுக்கோட்டமும் அங்கே போய்விடுகிறது.

டேட்டாமைனின் டிரைஃபில் வேறு மாதிரி யோசிக்கிறது. பெட்டியை இரண்டு திசைகளில் நாம் சொன்ன எண்ணிக்கையில் நறுக்கிவிட்டு, மூன்றாம் திசையில் வயர்ஃபிரேம் எங்கே வெட்டுகிறதோ சரியாக அங்கேயே வெட்டு என்று சொல்லலாம். கிழக்கு மேற்குத் திசையைத் தேர்ந்தால் 1.2 மீட்டர் இழைக்கு 1.2 மீட்டர் துண்டே கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் தன் அகலத்தைத் தானே ஒரு புலத்தில் சுமந்துகொண்டிருக்கும். எந்தத் தாய்ப் பெட்டியிலிருந்து பிறந்தது என்ற ஐ-ஜே-கே எண்ணும் கூடவே இருக்கும்.

அப்படியானால் நிலத்தடித் தேர்வில் டேட்டாமைனுக்கே முதல் மதிப்பெண் என்று எழுதிவிடலாமா? கணக்கிடுபவர் எழுதிவிடலாம். அடுத்த அறையில் திட்டமிடுபவர் ஒத்துக்கொள்ளமாட்டார். 1.2, 0.87, 1.04 என்று ஆளுக்கொரு அகலத்தில் வரும் துண்டுகளைப் பல திட்டமிடல் கருவிகள் விழுங்கமாட்டா. திரும்பவும் ஒரே அளவுப் பெட்டிகளாக உருட்டித் தரச் சொல்லும். உருட்டும்போது தாதுவோடு பக்கத்துப் பாறையும் கலந்து தரம் இறங்கும். பாதி பாதியாக நறுக்கிய சர்பேக் துண்டுகள் அப்படியே கூடித் தாய்ப் பெட்டியாகிவிடும். சர்பேக்கில் முன்பே செலுத்தும் விலையை டேட்டாமைனில் பின்பு செலுத்துகிறோம், அவ்வளவே. சுரங்கத்தில் எப்படியும் 1.2 மீட்டரை மட்டும் உடைத்து எடுக்கப் போவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய திருப்பம் இன்னொன்று இருக்கிறது. கோலாரின் நிலத்தடித் தரவு எந்த வடிவில் இருக்கும்? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோண்டிய சுரங்கம் அது. தளத்துக்குத் தளம் வரைபடம், நெடுக்குவெட்டுப் படம், எங்கே வெட்டியாயிற்று, எங்கே தூண் நிற்கிறது என்ற கோடுகள், எல்லாம் காகிதத்தில் மையால் வரைந்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றுவதென்றால் கோடுகளை நகலெடுக்க வேண்டும். கோடு என்றால் சரம். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சரக் கோப்பு, பெயரின் பின்னால் தளத்தின் எண், வலஞ்சுழியில் அறை, இடஞ்சுழியில் தூண். நுண்ணிழைக் கணக்கில் டேட்டாமைன் பக்கம் சாய்ந்த நிலத்தடி, தரவை ஏற்றும் வேலையில் சர்பேக் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

மேலே வருவோம். சயனைடு மேடு. முதல் பார்வைக்கு இது அளவையாளரின் வேலை, ஆகவே சர்பேக்கின் வேலை. மேற்பரப்பு ஒன்று, அடிப்பரப்பு ஒன்று, இரண்டுக்கும் நடுவே உள்ளது கனஅளவு. டிரோனை ஒரு காலை பறக்கவிட்டால் மேற்பரப்பு கையில். அடிப்பரப்புக்குப் பழைய நில வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைத் தேட வேண்டும், அல்லது மேட்டைத் துளைத்து எங்கே மண் தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே சரத்தின் அருமை தெரிகிறது. மேட்டின் உச்சி விளிம்பையும் அடிவார விளிம்பையும் முறிகோடு என்று அறிவித்துவிட்டால் எந்த முக்கோணமும் அந்த விளிம்பைத் தாண்டிப் போகாது. அறிவிக்க மறந்தால் முக்கோணங்கள் சரிவின் மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மேட்டின் தோள்பட்டை தேய்ந்துபோகும், அதோடு சில ஆயிரம் டன்களும் காணாமல் போகும். டேட்டாமைனும் இதைச் செய்யும். ஆனால் சர்பேக்கில் ஓர் அளவையாளர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

கனஅளவு வந்துவிட்டது. தங்கம் எவ்வளவு? இங்கேதான் மேடு முகம் மாற்றுகிறது. மேடு ஒரே நாளில் எழுந்ததில்லை. அடியில் கிடப்பது ஒரு காலத்து ஆலையின் கழிவு, மேலே கிடப்பது வேறொரு காலத்துக் கழிவு. ஆலையின் மீட்புத்திறன் மாற மாறக் கழிவில் தங்கிய தங்கமும் மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே ஒரு துளையில் தங்கத்தின் அளவு போதாது. ஈரப்பதம், அடர்த்தி, துகள் அளவு, மறுபடி கரைத்தால் எவ்வளவு வெளிவரும் என்ற சோதனை, எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் வேறுவேறு இடைவெளியில் எடுத்திருப்பார்கள். தங்கத்துக்கு 1 மீட்டருக்கு ஒரு மாதிரி, அடர்த்திக்கு 5 மீட்டருக்கு ஒன்று, கரைப்புச் சோதனைக்கு முழுத் துளைக்கும் சேர்த்து ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது பட்டியல் வேலை. ஹோல்ஸ்3டி எல்லா இடைவெளி எல்லைகளிலும் வெட்டி, ஒவ்வொரு வரியிலும் எல்லாப் புலங்களையும் நிரப்பித் தரும். இரண்டு பட்டியலைப் பொதுப் புலம் வைத்து இணைப்பது டேட்டாமைனின் குருதியிலேயே இருப்பது. சர்பேக் பக்கம் சாய்ந்த மேடு, தரக் கணக்கில் டேட்டாமைன் பக்கம் சாய்கிறது.

நிலத்தடியில் ஒரு திருப்பம், நிலத்தின் மேல் அதற்கு நேர்மாறான திருப்பம். தேர்வுத்தாளைத் தேர்ந்தபோது இந்தச் சமச்சீர் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தபின் யோசித்தால் காரணம் புரிகிறது. எந்தச் சுரங்கத்திலும் வடிவம் என்று ஒன்றும் தரம் என்று ஒன்றும் இருக்கிறது. வடிவம் கோடாக வருகிறது, தரம் எண்ணாக வருகிறது. இது சரச் சுரங்கம், அது பட்டியல் சுரங்கம் என்று பெயர் எழுதிவைக்க முடியாது. சுரங்கத்தின் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

கிரிகிங் கணக்கில் எது மேல் என்ற சண்டையை நீண்ட நேரம் போட வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951இல் தொடங்கிவைத்து, பிரான்சின் ஜார்ஜ் மத்தேரோன் கோட்பாடாக்கிய, மாதிரிகளுக்கு இடைப்பட்ட இடத்தின் தரத்தைக் கணிக்கும் கணக்கு அது. ஒரே மாதிரிகள், ஒரே வேரியோகிராம், ஒரே தேடல் நீள்வட்டம் கொடுத்தால் இரண்டும் ஒரே விடைக்கு வர வேண்டும். வராவிட்டால் முதலில் கோணங்களைப் பாருங்கள். நீள்வட்டத்தை எந்த அச்சில் முதலில் சுழற்றுவது, எந்தக் கை விதி என்பதில் இரண்டுக்கும் வழக்கம் வேறு. டேட்டாமைனில் சுழற்ற வேண்டிய அச்சுகளை 1, 2, 3 என்ற எண்களால் நாமே வரிசைப்படுத்த வேண்டும். சர்பேக்கில் திசை, அமிழ்வு, சாய்வு என்று பேச்சு. ஒன்றின் கோணங்களை அப்படியே மற்றொன்றில் தட்டினால் நீள்வட்டம் இழையை விட்டு விலகிக் காற்றில் நிற்கும். எண்கள் மட்டும் நல்ல பிள்ளையாக வந்துகொண்டிருக்கும். எக்ஸ்-ஒய் மாறிய பிழையைவிட இது ஆபத்தானது.

வெற்றிடத்தை எழுதும் விதத்திலும் நின்று பார்க்கத்தக்க வேறுபாடு இருக்கிறது. டேட்டாமைனில் மதிப்பு இல்லாத கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் தெரியும், சராசரி எடுக்கும்போது அது கணக்கில் வராது. சர்பேக் பிளாக் மாடலில் ஒவ்வொரு பண்புக்கும் பின்னணி மதிப்பு ஒன்றை நாமே தர வேண்டும். பலரும் -99 என்று தருவார்கள். கணக்கு எட்டாத பெட்டிகளில் அது அப்படியே நிற்கும். அறிக்கை எடுக்கும்போது சுழியத்துக்கு மேற்பட்டவை மட்டும் என்ற வடிகட்டியைப் போட மறந்தால் சராசரித் தரம் எதிர்மறையாகும். எதிர்மறைத் தங்கம் என்றால் யாரும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். ஒன்றிரண்டு -99 மட்டும் கலந்து, சராசரி சற்றே இறங்கியிருந்தால் சிரிக்க ஆளிருக்காது. இந்த ஒரு விஷயத்தில் நான் டேட்டாமைன் கட்சி.

செய்த வேலையைப் பதிவு செய்வதில் இரண்டும் ஒரே நோக்கத்துக்கு எதிரெதிர்த் திசையிலிருந்து வருகின்றன. சர்பேக்கில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு வேலை செய்தால், நாம் திறந்த ஒவ்வொரு படிவமும் அதில் நிரப்பிய ஒவ்வொரு கட்டமும் டி.சி.எல். மொழியில் எழுதப்பட்டுவிடும். மறுபடி ஓட்டினால் அதே வேலை நடக்கும். கையால் செய்ததன் நிழல் அது. டேட்டாமைனின் மேக்ரோவோ எழுதவேண்டிய ஒன்று. ஆச்சரியக்குறியோடு கட்டளை தொடங்கும். & வந்தால் கோப்பு, * வந்தால் புலம், @ வந்தால் அளவுரு. எஸ்டிமா கட்டளைக்குத் தேடல் நீள்வட்டமும் வேரியோகிராமும் கணிப்பு விதிகளும்கூட மூன்று தனிப் பட்டியல்களாகவே போகின்றன. கணக்கிடும் விதியும் தரவைப் போலவே ஒரு பட்டியல். பட்டியலை வைத்துக்கொண்டு போன வருடத்து விதியையும் இந்த வருடத்து விதியையும் வரிக்கு வரி ஒப்பிடலாம்.

பங்குச்சந்தைக்குப் போகும் வள அறிக்கையில், ஜோர்க் விதித்தொகுப்பின்படி தகுதி பெற்ற ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்க வேண்டும். அப்படிக் கையெழுத்திடுகிறவருக்கு இந்த வரிக்கு வரி ஒப்பீடு பெரிய நிம்மதி. தினமும் காலையில் குழியை அளந்து, மதியத்துக்குள் வெடிவைப்பு எல்லையை வரைந்து, மாலையில் மாதக் கணக்கோடு ஒட்டிப் பார்க்கிறவருக்கோ நிழல்பதிவே போதும். எழுதிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை.

இந்த இரண்டு மென்பொருள்களுக்கும் நடுவே நான் கண்ட மிக விநோதமான உறவு சுரங்கத்தைச் சார்ந்ததே அல்ல. 2006இல் சர்பேக்கை ஜெம்காம் வாங்கியது. 2012இல் ஜெம்காமை டசால்ட் சிஸ்டம்ஸ் வாங்கி ஜியோவியா என்று பெயர் சூட்டியது. டசால்ட் சிஸ்டம்ஸ் 1981இல் பிரெஞ்சுப் போர்விமான நிறுவனத்தின் வடிவமைப்பு மென்பொருளிலிருந்து பிறந்தது. இந்தப் பக்கம், 2010இல் டேட்டாமைனை வாங்கியது கனடாவின் சி.ஏ.இ. விமானிகளுக்குப் பயிற்சி தரும் பறப்புப் பாவனைக் கருவிகளைச் செய்யும் நிறுவனம் அது. பூமிக்குள் பார்க்கும் இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வானத்தைப் பிழைப்பாகக் கொண்ட இரண்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த காட்சியில் பிரிந்துவிட்டன. 2015இல் சி.ஏ.இ. டேட்டாமைனைக் கான்ஸ்டலேஷன் சாஃப்ட்வேர் குழுமத்திடம் விற்றுவிட்டது. சர்பேக் இன்றும் டசால்ட் வீட்டில்தான்.

வாங்குபவருக்கு இது வெறும் வம்புச் செய்தி அல்ல. ஒரு சுரங்கத்தின் ஆயுள் இருபது முப்பது ஆண்டு. அதற்குள் மென்பொருளின் முதலாளி மூன்று முறை மாறலாம். இரண்டும் இவ்வளவு கைமாறியும் பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம் அந்தப் பழங்காலக் கோப்பு அமைப்புகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சர்பேக் சரத்தை எந்த நோட்பேடும் திறக்கும். டேட்டாமைன் கோப்பு அப்படித் திறக்காது என்றாலும் அதன் அமைப்பு இத்தனை ஆண்டில் எல்லாருக்கும் அத்துபடி. போட்டி நிறுவனங்களே இரண்டையும் படிக்கக் கற்றுவைத்திருக்கின்றன.

எல்லாச் சுரங்கத்துக்கும் இந்த இரண்டில் ஒன்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நெய்வேலி மாதிரிப் பாய்பாயாகப் படுத்துக்கிடக்கும் பழுப்பு நிலக்கரிக்கு அடுக்கை அடுக்காகவே கையாளும் மினெக்ஸ் போன்ற கருவி பொருத்தம். அது சர்பேக் வீட்டுப் பிள்ளையே. இலங்கையின் புல்மோட்டைக் கடற்கரையின் கனிம மணலுக்குச் சில மீட்டர் தடிப்புதான் பிரச்சினை. பெட்டியை மேலும் கீழும் துல்லியமாக வெட்டத் தெரிந்தால் போதும், எதைக்கொண்டும் செய்யலாம். லீப்ஃப்ராக் என்ற மென்பொருள் வந்தபின் கோடே வரையாமல் துளைத் தரவிலிருந்து நேராக வடிவம் எடுக்கும் பழக்கம் இரண்டு முகாம்களையும் கொஞ்சம் வயதானவர்களாக்கிவிட்டது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

தோர்ண்டன் ஹீத்தில் நிலவியல் படித்து முடித்த பிள்ளைகள் “அண்ணா, எதைப் படிக்கட்டும்?” என்று கேட்பதுண்டு. வேலைக்குப் போகப் போவது சுரங்கத்துக்கா, ஆலோசனை அலுவலகத்துக்கா என்று திருப்பிக் கேட்பேன். சுரங்கத்துக்கு என்றால் சர்பேக்கில் தொடங்கு, கோடும் திசையும் கையில் படியும். அலுவலகத்துக்கு என்றால் டேட்டாமைனில் தொடங்கு, மேக்ரோ எழுதும் ஒழுக்கம் வரும். ஆறு மாதம் கழித்து மற்றதைத் தொடு. ஒன்று தெரிந்தவருக்கு மற்றதன் பாதி தெரியும்.

நிறுவனங்களுக்கு என் ஆலோசனை இன்னும் கறாரானது. விற்பனையாளரின் மாதிரித் தரவில் செயல்விளக்கம் பார்க்காதீர்கள். அந்தத் தரவு எந்தக் கருவியிலும் அழகாகத்தான் ஓடும். உங்கள் சுரங்கத்தின் பழைய தள வரைபடம் ஒன்றையும், இடைவெளிகள் ஒத்துப்போகாத துளை அட்டவணைகளையும் கொடுங்கள். முதலாவதைக் கோடாக்கிக் காட்டட்டும், இரண்டாவதைப் பொருத்திக் காட்டட்டும். மறுநாள் உங்கள் அலுவலகத்தில் அந்த வேலைக்கு உட்காரப் போகிற ஆளை அழைத்து, விற்பனையாளர் விட்டுப்போன பதிவை மட்டும் வைத்துக்கொண்டு அதே எண்ணை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கருவியில் எடுத்துவிடுகிறாரோ அதற்கு ஆணை போடலாம். இரண்டிலும் எடுத்துவிட்டால் விலையைப் பேசத் தொடங்குங்கள்.